எத்தனை கிலோமீட்டர் என்று கேட்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் ஈப்போவில் எந்த ஒட்டுக்கடைக்குப் போனாலும் உடம்போடு ஒட்டிய சட்டை போட்ட சைக்கிள்காரர்கள் நாலு பேராவது உட்கார்ந்திருப்பார்கள். தே தாரேக் வருவதற்குள் ஒரு கேள்வி வந்துவிடும்: "இன்னைக்கு எத்தனை கிலோமீட்டர்?" அறுபது என்பவருக்கு ஒரு தலையாட்டல், எண்பதுக்கு ஒரு 'பரவாயில்லையே'. நூற்றுப் பத்து என்று சொன்னவருக்கு ரொட்டி சானாய் முதலில் வரும். முப்பது ஓட்டியவர் பேச்சை மாற்றிவிடுவார்.

அந்தக் கேள்வியே தப்பு என்பது என் கட்சி. வேலைக்குப் போகிறவர், குடும்பம் உள்ளவர், பரிசுக்காக ஓட்டாதவர் கேட்க வேண்டியது எத்தனை மணி நேரம், வாரத்தில் எத்தனை நாள் என்றுதான். என் பதிலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வார நாள்களில் இரண்டு மூன்று சின்ன சவாரி, ஒவ்வொன்றும் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். வாரக் கடைசியில் ஒரு நீண்ட சவாரி, இரண்டரை மணியிலிருந்து மூன்று மணி நேரம். பேராக் மாநிலத்தில் பொழுதுபோக்குக்கு ஓட்டுகிறவருக்கு இதுவே நிறைவான அளவு. அதற்கு மேல் ஓட்டுவது அவரவர் ஆசை. ஆசையைப் பயிற்சி என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

இதைச் சொல்ல நான் பயிற்றுநர் இல்லை. வயது ஐம்பத்தாறு. சிம்பாங் பூலாய் பக்கம் சுண்ணாம்புக்கல் அரைக்கும் ஆலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை. குடியிருப்பது குனோங் ராப்பாட்டில். பிறந்தது சுங்கை சிப்புட் தோட்டப்புறம். அப்பா, அம்மா இருவருமே பால்வெட்டியவர்கள். காலையிலும் இரவிலும் இனிப்புநீர் மாத்திரை போடுகிறேன். ஆகவே சைக்கிள் எனக்கு அலங்காரம் இல்லை, மருந்தில் பாதி. மருந்துக்கு அளவு முக்கியம்.

அளவைத் தீர்மானிப்பதில் நம் ஊரில் முதல் அதிகாரி சூரியன், இரண்டாவது கடிகாரம். ஈப்போவில் ஆண்டு முழுவதும் பொழுது விடிவது ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில். பொழுது சாய்வதும் மாலை அதே ஏழுக்கும் ஏழரைக்கும் இடையில். 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். அதற்கு முன் ஆறரைக்கே வெளிச்சம் வந்துவிடும் காலம் இருந்தது. இன்று எட்டு மணிக்கு வேலையில் நிற்க வேண்டியவருக்கு விடிந்தபின் சைக்கிளை எடுக்க நேரமே இல்லை. மிச்சம் மாலைதான். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சட்டை மாற்றி, டயருக்குக் காற்றைப் பார்த்து ஆறு மணிக்குக் கிளம்பினால் இருட்டுமுன் ஒரு மணி நேரம், தப்பினால் ஒன்றேகால். அந்தச் சந்தில் நுழைகிற சவாரிதான் சின்ன சவாரி. ஒன்றரை மணி நேரத் திட்டம் போட்டவர் இரண்டு வாரம் ஓட்டுவார், மூன்றாவது வாரம் காரணம் தேடுவார்.

அந்த ஒரு மணி நேரத்தையும் மழை பாதியாக்கும். கிந்தா பள்ளத்தாக்கில் பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் திரண்ட மேகம் மாலையில் இடியோடு இறங்கும். உலகிலேயே மின்னல் அதிகம் விழும் நாடுகளில் நம்முடையதும் ஒன்று. இடி கேட்டால் சைக்கிளைத் திருப்ப வேண்டியதுதான், அதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை. அன்று இருபத்தைந்து நிமிடம்தான் கிடைத்ததென்றால் அதுவும் கணக்கில் சேரும். உலகச் சுகாதார நிறுவனம் முன்பு ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் உடற்பயிற்சி என்று சொல்லிவந்தது. 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியில் அந்த நிபந்தனையையே எடுத்துவிட்டது.

இனி நீண்ட சவாரி. புத்தகங்களிலும் இணையத்திலும் கிடைக்கும் பயிற்சித் திட்டங்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் மெதுவாக ஓட்டி அடித்தளம் போடச் சொல்வார்கள். அங்கே மாதக்கணக்கில் குளிர், பனி. கிடைக்கும் நல்ல மாதங்களுக்குள் உடம்பைத் தயார் செய்தாக வேண்டும். நமக்குப் பன்னிரண்டு மாதமும் சாலை திறந்தே கிடக்கிறது. நம்முடைய சொத்து தொடர்ச்சி. அதை வைத்துக்கொண்டு அவர்களுடைய அவசரத்தை ஏன் கடன் வாங்க வேண்டும்?

வெயில் கணக்கும் வேறு. வேர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். நம் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வேர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. உடம்பைக் குளிர்விக்க இரத்தம் தோல் பக்கம் ஓட வேண்டும், பெடலை மிதிக்கத் தசைக்கும் ஓட வேண்டும். வேர்வையால் உடம்பில் நீர் குறையக் குறைய, அதே வேகத்தில் ஓட்டினாலும் இதயத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். எட்டு மணிக்கு நிமிடத்துக்கு நூற்று இருபத்தைந்து காட்டும் கைக்கடிகாரம் பத்தரைக்கு அதே சமதளத்தில் நூற்று நாற்பதைக் காட்டினால் கருவியைக் குறை சொல்லாதீர்கள். பிற்பகலில் முப்பத்து மூன்று பாகையைத் தொடும் ஊரில் பத்து மணிக்குமேல் ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரும் பயிற்சியில் கொஞ்சமும் களைப்பில் நிறையவும் சேர்க்கிறது.

என் பெற்றோரின் முதலாளிக்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்தது, மரத்தின் விஷயத்தில். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, சங்கு ஊதும். இருட்டிலேயே நிரைக்குள் நுழைந்து வெட்ட ஆரம்பிப்பார்கள். இரவெல்லாம் மரம் நீரை இழுத்து உள்ளழுத்தத்தோடு நிற்கும், அந்த நேரத்தில் வெட்டினால்தான் மங்கு நிறையும். வெயில் ஏறியதும் இலை வழியாக நீர் போய் அழுத்தம் இறங்கும், பால் சுருங்கும். எட்டு மணிக்கு உளியை எடுத்தவனுக்குக் கிடைப்பது உழைப்பு மட்டுமே. நம் உடம்பும் அந்தப் பால்மரம் மாதிரிதான்: காலைக் குளிர்ச்சியில் கொடுப்பதை மதியத்தில் கேட்டால் கொடுக்காது. ஆறே முக்காலுக்கு விளக்கோடு கிளம்பி ஒன்பதே முக்காலுக்குள் கடையில் உட்கார வேண்டும். மூன்று மணி நேரம் என்ற என் எல்லை இப்படி வந்ததுதான்.

மூன்று மணி நேரத்தில் என்ன பார்க்க முடியும் என்று அலட்சியமாகக் கேட்பவர்கள் பேராக்கைச் சரியாகப் பார்க்காதவர்கள். ஈப்போவிலிருந்து பழைய பெருஞ்சாலையில் கோப்பெங், அங்கிருந்து மேற்கே திரும்பி பத்து காஜா, பிறகு வீடு என்று ஒரு சுற்று. ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். வழியில் கெல்லீஸ் காசில். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்டக்காரர் தமிழ்த் தொழிலாளர்களைக் கொண்டு கட்டத் தொடங்கிய மாளிகை. 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்துபோக, கட்டடம் அப்படியே நின்றது. அவர் தொழிலாளர்களுக்காகக் கட்டிக்கொடுத்த மாரியம்மன் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. அதன் கூரையில் சாமி சிலைகளோடு துரையின் உருவமும் நிற்கும். சுற்றுலாப் பேருந்துகள் வருமுன் அங்கே சைக்கிளைச் சாய்த்து ஒரு வாழைப்பழம் சாப்பிடுவது என் வழக்கம்.

வடக்கே போனால் செம்மோர், சுங்கை சிப்புட். போய்வர அதுவும் அறுபது கிலோமீட்டர் அளவுதான். எல்பில், ஹீவுட், டோவன்பி என்று நான் சின்ன வயதில் கேட்ட தோட்டப் பெயர்கள் இன்று பெரும்பாலும் தமிழ்ப்பள்ளிப் பலகைகளில்தான் தென்படுகின்றன. ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. தமிழர்கள் பட்டணத்துத் தாமான்களுக்குப் போய்விட்டார்கள். குலை வெட்டுவது இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும். லயங்கள் இடிந்தாலும் கோயில்கள் பல இடத்தில் விளக்கோடு இருக்கின்றன. செம்மண் சாலையில் அகல டயர் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு இந்தத் தோட்டங்கள் வரப்பிரசாதம்: ஏற்ற இறக்கம் மெல்லியது, வாகனம் குறைவு. ஆனால் நுழைவாயிலில் காவலரிடம் அனுமதி கேட்டுப் போக வேண்டும், குலை லாரி வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும், நாய்களுக்குப் பயப்படாத மாதிரி நடிக்கவும் தெரிய வேண்டும். இங்கே கிலோமீட்டர் கணக்கு முழுக்கப் பொய்த்துப்போகும். செம்மண்ணில் முப்பத்தைந்து கிலோமீட்டர் ஓட்ட ஆகும் நேரத்தில் தார்ச்சாலையில் அறுபது ஓட்டிவிடலாம். உடம்புக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. மணி நேரத்தை எண்ணச் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இப்போது, நம் சமூகத்துக்கு இதில் என்ன இருக்கிறது என்ற விஷயம். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பது தெரியவந்தது. இந்தியர்களிடையே அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. எந்தத் தமிழர் வீட்டு விருந்துக்குப் போனாலும் சாப்பாட்டுக்குமுன் மாத்திரை எடுப்பவர்களைப் பார்த்தால் இந்தக் கணக்கு புரிந்துவிடும். என் பெற்றோர் காலையிலிருந்து மதியம் வரை நூற்றுக்கணக்கான மரங்களுக்கு நடந்தவர்கள். அவர்களுக்கு உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. நாம் அதே சோற்றை வைத்துக்கொண்டு நாற்காலிக்கு மாறிவிட்டோம்.

தசை வேலை செய்யும்போது இன்சுலினை அவ்வளவாக எதிர்பார்க்காமலேயே இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். சவாரி முடிந்த பிறகும் இன்சுலினின் பேச்சைத் தசை நன்றாகக் கேட்கும். ஆனால் அந்தப் பலன் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள்தான். அதனால்தான் அமெரிக்க நீரிழிவுச் சங்கம், தொடர்ந்து இரண்டு நாளுக்குமேல் உடற்பயிற்சி இல்லாமல் விடாதீர்கள் என்கிறது. இப்போது ஞாயிறு மட்டும் நூறு கிலோமீட்டர் ஓட்டுபவரை எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வாயோடு அவர் சம்பாதித்தது கரைந்துவிட்டது. அடுத்த ஞாயிறு வரை உடம்பு சும்மா கிடக்கிறது. செவ்வாய் ஒரு மணி, வியாழன் ஐம்பது நிமிடம், ஞாயிறு மூன்று மணி என்று ஓட்டுபவருக்கு அந்த இடைவெளி விழுவதே இல்லை. கூட்டிப் பார்த்தால் இருநூற்றுத் தொண்ணூறு நிமிடம். உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்குச் சொல்லும் 150 முதல் 300 நிமிடத்துக்குள் கச்சிதமாக அடங்கும். மாத்திரை, ஊசி போடுபவர்கள் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். சட்டைப் பையில் மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை ஏறுவதைவிடச் சாலையில் திடீரென இறங்குவது ஆபத்து.

நீளத்தோடு வேகத்தையும் சொல்லியாக வேண்டும். நம்மில் பலர் தலைகீழாகச் செய்கிறோம். வார நாளில் தனியாகத் தூங்கி வழிந்து ஓட்டிவிட்டு, ஞாயிறு கூட்டத்தில் எவனாவது முந்தினால் மூச்சு வாங்கத் துரத்துகிறோம். நீண்ட சவாரியில் பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். நார்வேயில் பணியாற்றும் அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீபன் சைலர், உலகின் தலைசிறந்த நெடுந்தூர வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்தபோது, அதில் எண்பது விழுக்காட்டளவு இப்படிப் பேசிக்கொண்டே செய்யக்கூடிய மெதுவான உழைப்பு என்று கண்டார். அவர்களே மெதுவாக ஓட்டும்போது நமக்கென்ன அவசரம்?

மூச்சு வாங்குவதற்குச் சின்ன சவாரிகளில் ஒன்றை ஒதுக்கலாம். அதற்கு மெங்லெம்புவில் கிலேடாங் மலை இருக்கிறது. உச்சி 808 மீட்டர். உச்சி வரை போக வேண்டிய அவசியமில்லை. நாலு நிமிடம் அழுத்தி ஏறி, மெதுவாக இறங்கி, மறுபடி ஏறி, இப்படி நாலு முறை போதும். முன்னும் பின்னும் மெதுவாக ஓட்டுவதைச் சேர்த்தால் ஐம்பது நிமிடம். இருபது நிமிடத்துக்கும் குறைவான கடும் உழைப்பு, ஆனால் இதயத்துக்கு அது போதுமான கேள்வி.

என் அக்கா மகனுக்கு இதெல்லாம் ஏறவில்லை. இருபத்தெட்டு வயது, ஆண்டு இறுதியில் நூறு கிலோமீட்டர் நிகழ்ச்சி ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். "மாமா, நூறு ஓட்டணும்னா நூறு ஓட்டிப் பழகணும்தானே?" என்றான். அவசியமில்லை. மராத்தான் ஓடுபவர்கள் 42 கிலோமீட்டர் ஓடுகிறார்கள். பயிற்சியில் பெரும்பாலோர் முப்பது, முப்பத்திரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மூன்று மணி நேரம் பேசிக்கொண்டே ஓட்டத் தெரிந்தவன், நிகழ்ச்சிக்கு முந்தைய இரண்டு மாதத்தில் ஒன்றிரண்டு முறை மூன்றரை, நாலு மணி நேரம் தொட்டுவிட்டால், நூறைச் சாப்பாட்டோடும் தண்ணீரோடும் முடித்துவிடுவான். அந்த ஒன்றிரண்டு முறைக்கு நான் அவனுக்குச் சொன்ன இடம் கோல கங்சார். 1877-இல் நட்ட ரப்பர் கன்றுகளில் எஞ்சிய மரம் அங்கே இன்னும் நிற்கிறது. பாட்டன் பூட்டனை இந்த நாட்டுக்கு இழுத்து வந்த பயிரின் முதல் தலைமுறையைப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமே. ஆனால் வாராவாரம் கோல கங்சார் வேண்டாம்.

1996 முதல் நடந்துவரும் லங்காவி சைக்கிள் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்து, அவர்கள் ஒரே நாளில் நூற்றைம்பது, இருநூறு ஓட்டுகிறார்களே என்று கேட்பவர்களும் உண்டு. அவர்கள் வாரத்தில் இருபது மணி நேரத்துக்குமேல் ஓட்டுகிறார்கள். ஓட்டாத நேரத்தில் காலை நீட்டிப் படுத்திருக்கிறார்கள். உடம்பு வலுப்பெறுவது அந்தப் படுக்கையில்தான். நமக்குத் திங்கள் காலை ஆலையில் ஏணி ஏற வேண்டும். சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஐம்பது கிலோமீட்டருக்குமேல் ஏறும் சாலையும் அப்படித்தான். வாழ்க்கையில் ஏறிப் பார்க்க வேண்டிய சாலை; வாரந்தோறும் ஏற வேண்டிய சாலை அன்று. இறங்கும் காய்கறி லாரிகளுக்கு உங்கள் பயிற்சித் திட்டம் தெரியாது.

புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரு வழி. முதல் ஞாயிறு ஒன்றேகால் மணி நேரம். வாரத்துக்குப் பதினைந்து நிமிடம் கூட்டுங்கள், நாலாவது வாரம் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை மாதத்தில் மூன்று மணி நேரம் வந்துவிடும். ஒரு மணி நேரத்துக்குமேல் போகும் சவாரியில் மணிக்கு முப்பதிலிருந்து அறுபது கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு வாழைப்பழத்தில் இருபத்தைந்து கிராம் இருக்கும். தண்ணீர் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல். நீண்ட சவாரி உங்கள் வழக்கமான சின்ன சவாரியைப்போல் மூன்று மடங்கைத் தாண்டக்கூடாது. தாண்ட ஆசை வந்தால் முதலில் சின்னதைச் சரியாக ஓட்டுங்கள். அளவு சரியா என்பதற்குச் சவாரிக்குப் பிந்தைய நாள்கள்தான் பரீட்சை. ஞாயிறு பிற்பகல் முழுக்கச் சோபாவில் விழுந்து கிடந்தால், பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தால், திங்கள் இரவு தூக்கம் பிடிக்காவிட்டால், செவ்வாய் சைக்கிளைப் பார்க்கவே பிடிக்காவிட்டால், ஞாயிறு சவாரி நீளம். கருவியில் எந்த எண் இருந்தாலும் சரி.

கடைசியாக, சைக்கிள் நிகழ்ச்சிகளை நடத்தும் சங்கங்களுக்கும் மன்றங்களுக்கும் ஒரு கோரிக்கை. விளம்பரப் பலகையில் எண்பதும் நூறும் பெரிய எழுத்தில் இருக்கின்றன. நாற்பது கிலோமீட்டர் பிரிவு இருந்தாலும் குழந்தைகளுக்கான விளையாட்டுபோல ஓரத்தில் கிடக்கிறது. பிரமுகர் வந்து கொடியசைக்க எட்டு மணி ஆகிவிடுகிறது, கடைசி ஆள் வந்து சேரும்போது உச்சி வெயில். கொடியை ஏழு மணிக்கே அசையுங்கள், அல்லது பிரமுகரை முடிவிடத்தில் நிறுத்துங்கள். நாற்பது கிலோமீட்டரை முதன்மைப் பிரிவாக வையுங்கள். நாற்பது வயதில் முதல்முறை சைக்கிள் வாங்கிய அக்காமார்களும், இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துப் பயந்துபோன அண்ணன்மார்களும் அதற்குத்தான் வருவார்கள். நூறைப் பார்த்தால் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். நம் சமூகத்துக்கு வேண்டியது ஒரு நாள் நூறு கிலோமீட்டர் ஓட்டும் பத்துப் பேர் அல்ல. வாரத்தில் மூன்று நாள் ஒரு மணி நேரம் ஓட்டும் ஆயிரம் பேர். ஆகவே அடுத்த ஞாயிறு ஒட்டுக்கடையில் யாரிடமாவது கேட்பதென்றால், "இந்த வாரம் எத்தனை நாள் ஓட்டினீங்க?" என்று கேளுங்கள். மூன்று என்று சொல்கிறவருக்கு முதல் ரொட்டி சானாயைக் கொடுக்கச் சொல்லுங்கள். இனிப்புநீர் இருந்தால் பருப்புக் குழம்பைக் கூட ஊற்றி, சீனியை மட்டும் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.